கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்: ஒரே ஒரு பதிவு வாங்குவதென்றால்

ச நி த ப, க ம ப ச.

சங்கராபரணத்தில் இதை மெதுவாக ஒருமுறை பாடிப் பாருங்கள். மேல் ஷட்ஜத்தில் தொடங்கிப் பஞ்சமம் வரை படிப்படியாக இறங்கி, அங்கிருந்து காந்தாரத்துக்குத் தாவி, மறுபடி பஞ்சமம் வரை ஏறி, கடைசியில் கீழ் ஷட்ஜத்தில் போய் உட்கார வேண்டும். ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் 1741-இல் அச்சில் வெளியிட்ட கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸில், முதல் எட்டு பார்களுக்கு, அதாவது எட்டுத் தாளச் சுற்றுகளுக்கு, இடது கை அடித்தளமாக வைத்திருப்பது இந்த எட்டு ஸ்வரங்களைத்தான்.

எந்தப் பதிவை வாங்குவது என்ற கேள்விக்கு நான் இங்கிருந்துதான் வருகிறேன். காரணம் இருக்கிறது. இந்தப் படைப்பு ஆரியா என்ற மெதுவான ஒரு பாட்டில் தொடங்குகிறது. பிறகு 30 வேரியேஷன்கள். கடைசியில் அதே ஆரியா அப்படியே திரும்பி வந்து முடிகிறது. வேரியேஷன் என்றதும் ஆரியாவின் மெட்டைத்தான் மாற்றி மாற்றி வாசிப்பார்கள் என்று எதிர்பார்ப்போம். அந்த மெட்டோ இரண்டாவது ஆரியா வரும்வரை தலைகாட்டுவதே இல்லை. 30 வேரியேஷன்களும் கட்டப்பட்டிருப்பது மெட்டின் மேல் அல்ல, அடியில் நடக்கும் பேஸ் வரியின் மேலும் அது இழுத்துவரும் ஹார்மனியின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளின், மேலும். மேலே மெட்டைத் தேடுகிறவருக்குப் பத்தாவது நிமிடத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். பேஸைப் பிடித்துக்கொண்டவருக்கு ஒரு மணி நேரம் போவதே தெரியாது. பாட்டு கேட்கும்போது பேஸ் கிட்டாரை மட்டும் தனியாகப் பின்தொடரும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. அந்தக் காதுதான் இங்கே வேண்டும்.

அண்ணன் மகளுக்குப் பதினாறு வயது. பியானோ படிக்கிறாள். போன மாதம் வந்தவள், "சித்தப்பா, கோல்ட்பெர்க் சிடி ஒன்னே ஒன்னு வாங்கிக் கொடுங்க, எது நல்லதோ அது" என்றாள். எது நல்லது என்பதை ஒரு வாரம் உட்கார்ந்து மறுபடி கேட்டுத்தான் தீர்மானித்தேன். பல பதிவுகளை ஏற்கெனவே பல முறை கேட்டவன்தான். ஆனாலும் முதன்முதலாகக் கேட்கப்போகும் ஒருத்திக்காகக் கேட்கும்போது எல்லாமே வேறு மாதிரி ஒலித்தன.

முதலில் ஒதுக்கியவற்றைச் சொல்லிவிடுகிறேன். பாக் இதை இரண்டு விசைப்பலகைகள் கொண்ட ஹார்ப்சிகார்டுக்கு, பியானோவுக்கு முந்தைய, கம்பிகளைச் சுண்டி ஒலிக்கும் கருவிக்கு, எழுதினார். முதல் பக்கத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. வாண்டா லாண்டவ்ஸ்கா 1933-இல் பாரிஸில் ஹார்ப்சிகார்டில் செய்த பதிவு இல்லாவிட்டால் இந்தப் படைப்பு இவ்வளவு பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. ஆனால் பெண் படிப்பது பியானோ. இரண்டு பலகைகளில் தனித்தனியாக ஓட வேண்டிய கைகள் ஒரே பலகையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். ஆகவே பியானோ மட்டும்.

ரோசலின் டூரெக்கின் 1998 பதிவு ஒன்றரை மணி நேரம் ஓடும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டுவார். நான் மிகவும் மதிக்கும் பதிவு, ஆனால் முதல் பதிவாக வேண்டாம். வில்ஹெல்ம் கெம்ஃப் 1969-இல் ஆரியாவின் அலங்காரங்களையெல்லாம் களைந்துவிட்டு வெறும் மெட்டாக வாசித்தார். இந்தப் படைப்பை நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகு அதைக் கேட்டால் கண் கலங்கும். தெரியாதவருக்கு அங்கே என்ன இல்லை என்பதே தெரியாது. லாங் லாங் 2020-இல் ஸ்டுடியோவில் ஒருமுறையும், பாக் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் லைப்சிக் புனித தாமஸ் தேவாலயத்தில் ஒருமுறையும் வாசித்து இரண்டையும் வெளியிட்டார். மெதுவான இடங்களில் அவர் அவ்வளவு நேரம் நின்று நின்று போவதால் எனக்குப் பேஸ் அறுந்துபோகிறது. விக்கிங்கர் ஓலாஃப்சனின் 2023 பதிவுக்குக் கிராமி விருது கிடைத்தது. ஒவ்வொரு விரலும் தனிக் குரலாக ஒலிக்கும் தெளிவு அதில் இருக்கிறது. கடைசிச் சுற்று வரை அதைக் கையில் வைத்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

மீதி நான்கு: கிளென் கூல்டு 1955, அதே கூல்டு 1981, முரே பெராயா 2000, ஆண்ட்ராஷ் ஷிஃப் 2001.

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது கூல்டு 1955-ஐத்தான். டொராண்டோக்காரர், அப்போது வயது 22. ஜூன் மாதத்தில் நான்கு நாட்கள், நியூயார்க்கின் 30-ஆம் தெருவில் ஒரு பழைய தேவாலயத்தை மாற்றி அமைத்த கொலம்பியா ஸ்டுடியோவில் வாசித்தார். மொத்தம் 38 நிமிடம் சொச்சம். அதற்கு முன்பு இந்தப் படைப்பு அறிஞர்களுக்கும் ஹார்ப்சிகார்டு பிரியர்களுக்கும் உரியது என்ற எண்ணம்தான் பெரும்பாலும் இருந்தது. 1956 தொடக்கத்தில் இந்தத் தட்டு வெளிவந்ததும் நிலைமை மாறியது. கைகள் குறுக்கே ஓடும் ஐந்தாவது வேரியேஷன் ஒரு நிமிடம்கூட இல்லை. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, உலர்ந்து, முத்துப்போல உதிரும். இருபது வயதில் இதைக் கேட்டவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள்.

ஆனால் பேஸ் காதில் நிற்கிறதா என்ற என் சோதனையில் இது எனக்கு இடித்தது. ஆரியாவையே எடுத்துக்கொள்வோம். 1955-இல் 1 நிமிடம் 53 நொடி. ச நி த ப என்று இடது கை இறங்குவது கேட்கத்தான் செய்கிறது, ஆனால் காது அங்கே நிற்கும் முன்பே அடுத்த பார் வந்துவிடுகிறது. வேகமான வேரியேஷன்களில் கேட்கும் நாம் அந்த வேகத்தில் மயங்கி விரல்களைப் பார்க்கிறோம், கட்டடத்தைப் பார்ப்பதில்லை. மேலும், ஒவ்வொரு வேரியேஷனும் இரண்டு பாதிகள், ஒவ்வொரு பாதியையும் இருமுறை வாசிக்க வேண்டும் என்பது பாக் போட்ட குறி. 1955-இல் கூல்டு அந்த மறுமுறைகள் எதையும் எடுக்கவில்லை. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், எனக்கு இதுதான் தீர்மானித்த விஷயம்.

விதிவிலக்கு 25-ஆவது வேரியேஷன். மூன்றே மூன்று வேரியேஷன்கள் மைனரில், சோகச் சாயல் கொண்ட ஸ்வர வரிசையில், வருகின்றன: 15, 21, 25. கடைசியதை லாண்டவ்ஸ்கா கருப்பு முத்து என்று அழைத்தார். இங்கே பேஸ் ச நி த ப என்று முழுப்படியாக இறங்காமல் இடையிலுள்ள அரை ஸ்வரங்களையும் தொட்டுத் தொட்டு, ஒப்பாரி வைப்பதுபோல் இறங்கும். மற்ற எல்லாவற்றையும் பறக்கவிட்ட அந்த இளைஞர் இதற்கு மட்டும் ஆறரை நிமிடம் எடுத்துக்கொண்டார், அதுவும் மறுமுறை இல்லாமல். அந்த ஆறரை நிமிடம் எனக்கு உயிர். ஆனால் பின்னாளில் அவருக்கே அது பிடிக்கவில்லை. துக்கத்தை எடுத்துக் காட்டிக்கொள்வதாக அவருக்குத் தோன்றியது.

அதனால்தான் 1981. அதே ஸ்டுடியோவுக்கு ஏப்ரல், மே மாதங்களில் திரும்பி வந்தார். மூடப்படுவதற்கு முன் அங்கே நடந்த கடைசிப் பதிவுகளில் அதுவும் ஒன்று. இந்த முறை யமஹா பியானோ. ஆரியா 3 நிமிடம் 5 நொடி, மொத்தம் 51 நிமிடம். முதல் ஸ்வரத்திலிருந்தே தெரியும், இது வேறு மனிதர். இரண்டு வேரியேஷன்களுக்கு நடுவே அவர் கணக்கு வைத்திருந்தார். ஒன்றின் துடிப்பு அடுத்ததில் இரட்டித்தோ பாதியாகியோ வேறொரு விகிதத்திலோ தொடரும். நம் காதுக்கு இது அந்நியம் இல்லை. முதல் காலம், இரண்டாம் காலம் என்று லயம் மாறாமல் வேகம் மட்டும் மாறும் கணக்கைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அந்த ஒற்றைத் துடிப்பு கிடைத்ததும் 30 வேரியேஷன்களும் ஒரே நீண்ட மூச்சாக மாறிவிடுகின்றன. 25-ஆவதை இங்கே ஆறு நிமிடத்தில் முடிக்கிறார். பெரும்பாலும் மெதுவாகிவிட்ட பதிவில் அது முன்னைவிடக் கொஞ்சம் வேகம். அழவில்லை, அழுது முடித்தவர் பேசுவதுபோல் இருக்கிறது.

இந்தத் தட்டு 1982 செப்டம்பரில் வெளிவந்தது. அந்த மாதக் கடைசியில் அவருக்குப் பக்கவாதம் வந்து, அக்டோபர் 4-ஆம் தேதி இறந்துபோனார். அதற்கு ஒன்பது நாட்கள் முன்புதான் 50 வயது நிறைந்திருந்தது. டொராண்டோவில் அவருடைய கல்லறையில் ஆரியாவின் தொடக்க ஸ்வரங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. இதெல்லாம் தெரிந்த பிறகு 1981-இன் கடைசி ஆரியாவைச் சாதாரணமாகக் கேட்க முடியாது. முடியக் கூடாது என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதல்முறை கேட்கும் பிள்ளைக்கு அந்தச் சுமை வேண்டாம் என்று நினைத்தேன்.

அவர் முனகுவதைப் பற்றியும் கேட்பீர்கள். ஆமாம், இரண்டு பதிவுகளிலும் வாசித்துக்கொண்டே பாடுகிறார். ஹெட்போனில் 1981-இல் நன்றாகவே கேட்கும். சிலருக்கு அது தாங்காது. எனக்கு, ஒரு குரலை விரல் வாசிக்க இன்னொரு குரலை அவர் தொண்டை தேடுவதாகத்தான் படும். இருந்தாலும் அது பல இடங்களில் நடுக்குரலையும் பேஸையும் மறைக்கிறது என்பது உண்மை.

கூல்டை வாங்குவதாக முடிவு செய்தால் ஒரு யோசனை. இரண்டு பதிவுகளையும் சேர்த்து 2002-இல் சோனி வெளியிட்ட மூன்று சிடி தொகுப்பைத் தேடுங்கள். 1981-இல் டிஜிட்டலோடு கூடவே ஓடிய அனலாக் டேப்பிலிருந்து அந்தப் பதிப்பை எடுத்திருக்கிறார்கள். ஆரம்பகால டிஜிட்டலின் கண்ணாடித்தனம் அதில் இல்லை, இடது கை உடம்போடு வருகிறது.

சரி, மறுமுறைகளுக்கு வருவோம். மறுமுறை எடுத்தால் நீளம்தானே கூடும், சொன்னதையே சொல்வதுதானே என்று தோன்றலாம். நானும் முன்பு அப்படித்தான் நினைத்தேன். பேஸைக் கேட்கப் பழகிய பிறகுதான் புரிந்தது. முதல்முறை ஒரு பாதி வரும்போது காது தானாகவே வலது கையோடு போய்விடும், அதை யாராலும் தடுக்க முடியாது. அதே பாதி மறுபடி வரும்போது மேலே என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டதால் காது இறங்கி இடது கைக்கு வருகிறது. 32 பார் கொண்ட ஒரு வேரியேஷனைப் புரிந்துகொள்ள பாக் நமக்கு இரண்டு வாய்ப்புகள் கொடுத்திருக்கிறார். 1955 இரண்டாவது வாய்ப்பைத் தரவில்லை. 1981-இல் கூல்டு சிலவற்றுக்கு, முக்கியமாகக் கேனன்களுக்கு, முதல் பாதியை மட்டும் திருப்பி வாசித்தார். ஒவ்வொரு மூன்றாவது வேரியேஷனும் கேனன். ஒரு குரல் தொடங்க, இன்னொரு குரல் அதையே சற்றுப் பின்னால் துரத்தும். முதல் கேனனில் இரண்டும் ஒரே ஸ்வரத்தில் தொடங்கும், அடுத்ததில் ஒரு படி தள்ளி, அதற்கடுத்ததில் இன்னொரு படி, இப்படியே ஒன்பதாவது படி வரை. துரத்தல் மேலே நடக்கும்போது பேஸ் அடியில் தன் வழியில் போய்க்கொண்டிருக்கும். 27-ஆவதில் மட்டும் தனி பேஸ் கிடையாது, இரண்டு குரல்கள்தான். இத்தனையும் ஒரே தடவையில் காதில் ஏறும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பெராயா எல்லா மறுமுறைகளையும் எடுக்கிறார். சுமார் 73 நிமிடம்.

1990-களில் அவருடைய வலது கைக் கட்டைவிரலில் வந்த பாதிப்பு அவரை நீண்ட காலம் மேடையிலிருந்து விலக்கி வைத்தது. வாசிக்க முடியாத அந்த நாட்களில் அவர் பாக்கைப் படித்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருந்தார். ஒரு இசையின் மேற்பரப்புக்கு அடியில் நீண்ட தூரம் ஓடும் கோட்டைத் தேடுவதை வாழ்நாள் வேலையாகக் கொண்டிருந்தவர் வியன்னாவின் ஹைன்ரிக் ஷெங்கர். பெராயா அவருடைய முறையில் ஊறியவர். அது இந்தப் பதிவில் பாடமாக அல்ல, பாட்டாகவே வருகிறது. ஆரியாவின் ச நி த ப-வை அவர் இடது கையால் பாடுகிறார். ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்ததன்மேல் சாய்கிறது. மேலே அலங்காரங்கள் எவ்வளவு இருந்தாலும் அந்த இறக்கம் நம் நெஞ்சுக்குள் போய்விடும். முதல் வேரியேஷனில் இடது கை குதித்து ஓடும்போதும் அந்த எட்டு ஸ்வரங்களின் மேல் லேசாக ஒரு சாய்வு வைக்கிறார். சுட்டிக்காட்டுகிறார் என்று சொல்ல முடியாது, ஆனாலும் கேட்டுவிடுகிறது. 16-ஆவது வேரியேஷன் இரண்டாம் பாதியின் தொடக்கம்போல, கம்பீரமான தொடக்க இசையான பிரெஞ்சு ஓவர்ச்சர் பாணியில் முரசு கொட்டி வரும். அங்கே அவருடைய பியானோவின் பேஸ் ஒரு சபையே எழுந்து நிற்பதுபோல் ஒலிக்கிறது.

25-ஆவதில் பெராயா கூல்டைப்போல் நம்மை உறைய வைப்பதில்லை. எனக்கு அதில் சின்னக் குறை உண்டு, கொஞ்சம் அழகாகவே அழுகிறார். ஆனால் 30-ஆவது வேரியேஷனுக்கு இவரை மிஞ்ச ஆள் இல்லை. கேனன் வர வேண்டிய அந்த இடத்தில் பாக் நாட்டுப்புறப் பாட்டுகளைக் கொண்டுவந்து ஒன்றோடொன்று பின்னியிருக்கிறார். அதில் ஒன்று, முட்டைக்கோசும் டர்னிப்பும் என்னை விரட்டிவிட்டன, அம்மா கறி சமைத்திருந்தால் இருந்திருப்பேன் என்பது. குடும்பம் மொத்தமும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாட்டைப் பாடுவதுபோல் பெராயா இதை விரிக்கிறார். அடியில் பழைய பேஸ் அப்படியே இருக்கிறது. அது முடிந்து ஆரியா திரும்பி வரும்போது, வீட்டுக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப்போன பிறகு ஒருவர் மட்டும் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

ஷிஃப் எனக்கு இவருக்கு மிக நெருக்கம். 2001 அக்டோபரில் பாஸல் நகரில் சபையின் முன்னால் ஒரே மூச்சில் வாசித்தது, இசிஎம் நிறுவனம் 2003-இல் வெளியிட்டது. இவரும் மறுமுறைகளை எடுப்பவர், மறுமுறையில் அலங்காரங்களை மாற்றிப்போட்டுச் சிரிக்க வைப்பவர். நடன அசைவு பெராயாவைவிட இவரிடம் அதிகம். பெடலைத் தவிர்ப்பதால் கோடுகள் சுத்தமாக இருக்கும். பிள்ளை ஏற்கெனவே இந்தப் படைப்பை அறிந்தவளாக இருந்தால் ஷிஃப்தான் என்று சொல்லியிருப்பேன். மாறும் அலங்காரங்களை ரசிக்க மாறாததை முதலில் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒரு காரணத்தால்தான் பெராயா முந்தினார்.

பணம் செலவழிக்க வேண்டாம் என்பவருக்கு ஒரு நல்ல வழி உண்டு. கிமிகோ இஷிசாகா 2012-இல் பொதுமக்கள் பண உதவியோடு ஒரு போசெண்டார்ஃபர் பியானோவில் இதை முழுவதும் பதிவு செய்து, எந்த உரிமையும் வைத்துக்கொள்ளாமல் பொதுச் சொத்தாகக் கொடுத்துவிட்டார். இறக்கிக்கொள்ளலாம், பகிரலாம், வகுப்பில் போடலாம். நேர்மையான, நிதானமான வாசிப்பு. இசை ஆசிரியர்கள் மாணவர்களுக்குக் கொடுக்க இதைவிடத் தோதானது எனக்குத் தெரியவில்லை.

இன்னும் இரண்டு விஷயம், எந்தப் பதிவை எடுத்தாலும். போனின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இந்தப் படைப்பின் உயிர் இருக்கும் கீழ் ஸ்வரங்களை அது தூக்கிக் கொடுக்காது, மிஞ்சுவது வலது கை மட்டும்தான். சாதாரண ஹெட்போன் போதும். செயலிகளில் இலவசமாகக் கேட்டால் வேரியேஷன்களுக்கு நடுவே விளம்பரம் புகும், அது இந்தப் படைப்புக்குச் செய்யும் பெரிய கொடுமை. ஒரு பாட்டை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேட் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். வேரியேஷன்களுக்கு நடுவே விடும் மௌனத்தின் நீளத்தையும் வாசிப்பவர்தான் தீர்மானித்திருக்கிறார்.

அப்புறம், தூங்குவதற்காக இதை வாங்க வேண்டாம். தூக்கம் வராத கைசர்லிங் பிரபுவுக்காக, அவரிடம் இருந்த கோல்ட்பெர்க் என்ற இளைஞன் இரவில் வாசிக்க பாக் எழுதிக் கொடுத்தார் என்று ஃபோர்க்கெல் 1802-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் ஒரு கதை இருக்கிறது. பெயரும் அதிலிருந்துதான் ஒட்டிக்கொண்டது. ஆனால் அச்சான புத்தகத்தில் பிரபுவுக்குச் சமர்ப்பணம் எதுவும் இல்லை, அந்தக் கோல்ட்பெர்க்குக்கு அப்போது வயது 14 அளவில்தான். அந்தக் கதையே உண்மையென்றாலும், பிரபு கேட்டது விழித்திருக்கும் இரவுகளுக்குத் துணையாக இருக்கும் இசையைத்தான்.

பெராயாவை வாங்கிக் கொடுத்தேன். கூல்டை அவளுக்கு அறிமுகப்படுத்த உலகமே காத்திருக்கிறது, அதற்கு நான் வேண்டாம். சிடியின் உள்ளே ஒரு துண்டுச் சீட்டில் ச நி த ப, க ம ப ச என்று எழுதி வைத்தேன். பாட்டு வகுப்புக்கும் சில வருடங்கள் போனவள் என்பதால் அதைப் பார்த்ததும் வாய்விட்டுப் பாடினாள், இரண்டு மூன்று தடவை. "ஆரியா முடிஞ்சதும் முதல் வேரியேஷன்ல இதைத் தேடு, முதல் தடவை கிடைக்காது, திரும்ப வரும்போது பிடி" என்றேன். மறுநாள் காலையில் போன் வந்தது. "சித்தப்பா, முதல்ல கிடைச்சது, நாலாவதுலயும் கிடைச்சது, ஏழாவதுல காணோம்" என்றாள். ஏழாவதில் இரண்டாம் மறுமுறை வரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.